இரண்டு பச்சை மூங்கில்

கீழப்படுகை கண்ணால் பார்க்கிற ஊர் இல்லை, காதால் கேட்கிற ஊர். ஆற்றுக்கும் கரைச்சாலைக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கிற வண்டல் நிலம். எதை நட்டாலும் மரமாகிவிடும். மூங்கில், தேக்கு, தென்னை, வாழை என்று ஒவ்வொரு வீடும் தன் தோப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக் கூரை தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் சட்னியா, மிளகாய்ப்பொடியா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார்கள். குத்தாலத்திலிருந்து வருகிற மினி பஸ் ஜெக்கரியா கடை வாசலில் திரும்பிப் போய்விட்டால், அதற்குப் பிறகு ஊரில் சத்தம் என்று இருப்பது காற்றும் மூங்கில் உரசுவதும்தான். வெளியூர்க்காரர்கள் வந்தால் 'ஆகா, என்ன அமைதி' என்பார்கள். ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். இந்த அமைதியில் ஒரு மனுஷன் ரகசியமாகத் தும்மக்கூட முடியாது.

அந்த ஊரில் குழந்தைக்குக்கூட அர்த்தம் தெரிந்த சத்தம் ஒன்று உண்டு. பச்சை மூங்கில் வெட்டுகிற சத்தம். பந்தலுக்கு, வேலிக்கு, துணிக்கொடிக்கு என்று ஒன்று வெட்டலாம், மூன்று வெட்டலாம், வண்டி வண்டியாகவும் வெட்டலாம். இரண்டு மட்டும் வெட்டக் கூடாது. இரண்டு பச்சை மூங்கில் பாடைக்கு. வீட்டுத் தேவைக்கு இரண்டுதான் வேண்டும் என்றாலும், மூன்றாவதாக ஒன்றைச் சாய்த்துப் போட்டுவிட்டுத்தான் அரிவாளைக் கீழே வைப்பார்கள். பாதி வீட்டு வேலி அப்படி மிஞ்சிய மூன்றாவது மூங்கில்தான். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களிடம் யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று தோப்புக்காரன் கேட்கக் கூடாது. சத்தம் கேட்டவர்கள் இரண்டு எண்ணிவிட்டு மூன்றாவதற்குக் காது கொடுத்துக் காத்திருப்பார்கள். அது வரவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஊருக்குள் மூங்கில் அதிகம் நிற்பது இராஜாங்கத்தின் தோப்பில். அந்த வீட்டு மருமகள் பிரகதீஸ்வரி. ஊருக்கு ஈஸ்வரி. அவள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எத்தனையோ சாவுக்கு அங்கிருந்து மூங்கில் போயிருக்கிறது. அவள் புருஷன் ராஜராஜன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்காமலே போனபோதும் அங்கேதான் வெட்டினார்கள். அப்படிப்பட்டவள் இந்தத் தப்பைச் செய்திருக்கக் கூடாதுதான். ஆனால் தூக்கத்தைத் தொலைத்தவளுக்கு எந்த விதி ஞாபகம் இருக்கும்?

மாமனார் இராஜாங்கம் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் கிடையாது. பிளேட் வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். பிடித்துக்கொண்டால் நடப்பார், விட்டால் விழுவார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரு சொல் அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் ரோஷக்காரர். கட்டிலிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார், கொல்லைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஈஸ்வரிதான் தோள் கொடுத்துத் தூக்க வேண்டும். ராத்திரியில் தூக்கம் வராமல் கிடந்துகொண்டு, "ஈஸ்வரி, மணி என்ன?" என்பார். சொல்லுவாள். கண் செருகும்போது மறுபடி, "ஈஸ்வரி, மணி என்ன?" மணி தெரிந்து எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வரும். விடிந்ததும் அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அவள் மாட்டையும் அடுப்பையும் பார்க்கப் போவாள்.

இதற்கு நடுவில் மகள் குந்தவை திருப்பூரில் நிறைமாதமாக இருந்தாள். தாய்வீட்டுக்கு வந்து பெற வேண்டிய தலைப்பிள்ளை. நஞ்சுக்கொடி இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், பஸ் ரயில் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு மாமியாரும் இல்லை. மாப்பிள்ளை பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போனால் வீட்டில் அவளும் சுவரும்தான். இந்த வாரம் ஆபரேஷன் என்று நாளும் குறித்தாகிவிட்டது. "எப்பம்மா வர்ற?" என்று தினம் கேட்பாள். "வரேண்டி, வந்துருவேண்டி" என்று தினம் ஈஸ்வரி சொல்லுவாள். முந்தாநாள் குந்தவை எதுவும் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அது ஈஸ்வரிக்கு இன்னும் பொறுக்க முடியவில்லை.

கொழுந்தன் அரவிந்தன் சிங்கப்பூரில் இருக்கிறான். பொங்கலுக்கு வருகிறேன் என்றான். பிறகு சித்திரை என்றான். பிறகு ஆடி என்றான். ஆடியும் பிறந்து ஆற்றில் தண்ணீரும் வந்துவிட்டது, அவன்தான் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஈஸ்வரி வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"ஒரு பத்து நாள் வந்து அப்பாவப் பாத்துக்கிட்டீங்கன்னா நான் போயிட்டு ஓடியாந்துருவேன் தம்பி."

"வரமாட்டேன்னா சொல்றேன் அண்ணி? லீவு குடுக்க மாட்டேங்கிறான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு எத்தனை தடவதான் சொல்றது? ஒரு நர்ஸு வச்சுக்குங்களேன்."

நர்ஸ் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மாயவரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முதல் ராத்திரி மூங்கில் உரசி உரசி முனகுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, மறுநாள் மினி பஸ்ஸிலேயே போய்விட்டாள். பிறகு ஈஸ்வரி வீரையனைக் கேட்டாள். அவன் ஊரில் மூங்கில் வேலைக்காரன், நல்ல பலசாலி, பெரியவரைப் பிள்ளை மாதிரி தூக்குவான். 'நாளைக்கு வரேன்க்கா' என்றான். நாளைக்கு என்ற சொல்லுக்கு வீரையனிடம் ஒரு குறிப்பிட்ட தேதி எப்போதுமே இருந்ததில்லை.

அரவிந்தனிடம் கேட்ட மறுநாள் விடிந்தும் விடியாமலும் இராஜாங்கம் தானாக எழுந்து கொல்லைக்குக் கிளம்பி, நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. "உன்ன எழுப்ப வேணாமேன்னு பாத்தேன்" என்றார். அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டபோது ஈஸ்வரியின் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. அவர் தூங்கிப் போனார். அவள் வெளிச்சம் படாமல் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லையில் வந்து நின்றாள். கட்டிலிலிருந்து கொல்லை வரைக்கும் இரண்டு பக்கமும் நீளமாக மூங்கில் கட்டிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடுவார். பல நாளாக யோசித்ததுதான். வீரையன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தால், அரிசி வரும் என்று உலையைக் காயவைத்த கதைதான். அவளே அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனாள்.

மூங்கில் வெட்டிப் பழகிய கை இல்லை அவளுக்கு. முதல் மூங்கிலைச் சாய்ப்பதற்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. இரண்டாவது முள்ளில் மாட்டிக்கொண்டு விழ மறுத்தது. தொங்கி இழுத்தாள், கொண்டை அவிழ்ந்துவிட்டது. அதுவும் ஒருவழியாகச் சரசரவென்று சாய்ந்து விழுந்தபோதுதான் மூன்றாவது ஞாபகம் வந்தது. புதராக நின்ற மூங்கில் குத்தை நிமிர்ந்து பார்த்தாள். அரிவாளைத் தூக்கினாள். கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வெட்டலாம் என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முதுகுக்கு மூங்கில் குத்து வாகாக இருந்தது. காற்று வேறு சும்மா இருக்குமா, தாலாட்டுவது போல வீசியது. ஈஸ்வரி தூங்கிப் போனாள்.

ஊர் எண்ணியது. இரண்டு. அதற்கு மேல் இல்லை.

முதலில் வந்தவன் வீரையன். உயிரோடிருந்த மனுஷருக்காக வாரக்கணக்கில் வராதவன், சத்தம் அடங்கிய சூட்டில் வந்து நின்றான். தலைவிரி கோலமாக, முழங்காலில் முகம் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிற ஈஸ்வரியையும், எதிரில் கிடக்கிற இரண்டு பச்சை மூங்கிலையும், சாத்தியிருக்கிற வீட்டுக் கதவையும் பார்த்தான். அந்த ஊரில் சாவு வீட்டில் போய் 'என்ன ஆச்சு' என்று கேட்கிற வழக்கம் இல்லை. பக்கத்தில் போய் நிற்பதுதான் கேள்வி. அவன் முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் மூங்கிலில் கணு செதுக்க ஆரம்பித்தான்.

கரைச்சாலையில் ஜெக்கரியா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். கல்லாவில் உட்கார்ந்தே ஊரை அறிந்தவர். எந்த வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு முதல் போன் போடுவது அவர்தான். வெளியில் இருக்கிறவனுக்கு உடனே தெரியாவிட்டால் டிக்கெட் கிடைக்காது என்பது அவர் கவலை. வேலியோரம் நின்று ஈஸ்வரியின் கோலத்தைப் பார்த்தார். வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. ஒதுங்கிப் போய் சிங்கப்பூருக்குப் பேசினார்.

அதற்குள் எதிர்த்தோப்பு வைரக்கண்ணு வந்துவிட்டாள். அவள் பாதி வழியிலேயே குரலை எடுத்துவிட்டிருந்தாள்.

"என்னப் பெத்த மவளே, உன்ன ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டாரா மவராசன்..."

ஓடிவந்து ஈஸ்வரியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். தூக்கத்தின் அடியில் கிடந்த ஈஸ்வரிக்கு 'போயிட்டாரா' என்ற வார்த்தை மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தாள். வீரையன் கணு செதுக்கிக்கொண்டிருந்தான். ஜெக்கரியா தலையைக் குனிந்து நின்றார். ஓகோ, மாமா போய்விட்டார், நான் தூங்கும்போது போயிருக்கிறார் என்று அவளும் நம்பினாள். நம்பிய அந்த நொடியில் அவளுக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை. 'அப்பாடா' என்று வந்தது. இனி தூங்கலாம். இனி மகளிடம் போகலாம். அப்படி நினைத்ததைத் தானே கேட்டுவிட்டு, அவளுக்கு உடம்பு கூசியது. அதோடு, யாரோ ஒருத்தர் தன்னைத் தொட்டு அணைத்து எத்தனை காலமாயிற்று என்றும் தோன்றியது. வைரக்கண்ணுவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையில், வேலிக்கு வெளியே நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஈஸ்வரி, மணி என்ன?"

வைரக்கண்ணுவின் ஒப்பாரி நடு அடியில் நின்றது. வீரையன் கையில் அரிவாள் அந்தரத்தில் நின்றது. ஜெக்கரியா பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எட்டாவப் போவுது அய்யா" என்று பதில் சொல்லிவிட்டு, பிறகுதான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, ரெண்டுதானே விழுந்துச்சு?"

"கைப்பிடி கட்டலாம்னு வெட்டுனேன் பாய். மூணாவது வெட்டத் தெம்பு இல்ல."

யாருக்கும் கோபம் வரவில்லை. வீரையன்தான் முதலில் சிரித்தான். வைரக்கண்ணு அவனை முறைத்துவிட்டு அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஈஸ்வரியின் கூந்தலை அள்ளி முடிந்துவிட்டாள். ஜெக்கரியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"நான் அரவிந்தனுக்குச் சொல்லிட்டேனே தங்கச்சி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவர் கையில் இருந்த போன் அடித்தது. அரவிந்தன்தான். அண்ணியிடம் கொடுங்கள் என்றான். ஈஸ்வரி உள்ளதைச் சொல்லிவிடத்தான் போனை வாங்கினாள். சத்தியமாக அதற்குத்தான் வாங்கினாள்.

"அண்ணி... அப்பா போயிட்டாராமே அண்ணி..." அரவிந்தன் அழுதான். பொய் அழுகை இல்லை. "ராத்திரி ஃப்ளைட்டு கெடச்சுருச்சு. விடிகாலைல திருச்சி. லீவெல்லாம் உடனே குடுத்துட்டாங்க. மேனேஜரே வந்து தோளத் தட்டி, காரியமெல்லாம் முடிச்சுட்டு மெதுவா வான்னு சொன்னாரு. நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க அண்ணி. அப்பா முகத்தப் பாக்கணும்."

'உடனே' என்ற சொல்லில் ஈஸ்வரியின் நாக்கு நின்றுவிட்டது. பொங்கலுக்கு இல்லாத லீவு, சித்திரைக்கு இல்லாத லீவு, நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் இல்லாத லீவு. எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல தம்பி," என்றாள். "நீங்க வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம். வந்து முகத்தப் பாருங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். வைரக்கண்ணு முகவாயில் விரலை வைத்தாள். ஜெக்கரியா போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உசுரோட இருக்குற மனுசன மவுத்துன்னு சொன்னவன் நானு. அது பாட்டுக்கு நிக்கட்டும்னு விட்டா எனக்கு எப்படிச் சோறு எறங்கும்? இப்பவே கூப்புட்டு உள்ளதச் சொல்லிடுறேன்."

"சொல்லுங்க பாய். நாளைக்குக் காலையில அவங்க வந்து எறங்குனதும் நீங்களே சொல்லுங்க. இன்னைக்கு மட்டும் வேணாம்." ஈஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எம் பொண்ணு அங்க ஒத்தையாக் கெடக்கா பாய். கத்தி வைக்கிறப்ப நான் வெளிய நிக்கணும். எனக்கு வேற வழி தெரியல."

ஜெக்கரியாவுக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. அவர் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. கூப்புட்டா எடுக்க மாட்டேன், அவ்வளவுதான்."

வீரையனை அந்த இரண்டு மூங்கிலையும் கொண்டு கைப்பிடி கட்டித் தரச் சொன்னாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். அழுது முடித்த மூங்கிலை வீட்டுக்குள் நடுவதாவது. இரண்டையும் இழுத்துக்கொண்டு போய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தான். புதிதாக எப்போது வெட்டுவது என்று கேட்டதற்கு நாளைக்கு என்றான்.

ஈஸ்வரிக்கு இனிமேல்தான் பெரிய கஷ்டம். வீட்டுக்குள் போய் மாமனார் முகத்தில் விழிக்க வேண்டும். காதால் கேட்கிற ஊரில் அவர் மட்டும் என்ன செவிடா? கட்டிலில் நிமிர்ந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதது வைரக்கண்ணுதானே?"

"ஆமா மாமா."

"பரவாயில்ல. நல்லாத்தான் அழுவுறா."

ஈஸ்வரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "தப்புப் பண்ணிட்டேன் மாமா. தெரியாமப் பண்ணுனது ஒண்ணு, தெரிஞ்சே பண்ணுனது ஒண்ணு. நீங்க வேணாம்னு சொன்னா இப்பவே பாய்கிட்ட போன வாங்கிச் சொல்லிடுறேன்."

இராஜாங்கம் தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். "வர்றானா?" என்றார்.

"வர்றாங்க."

"செத்தா வருவான்னு எனக்குத் தெரியும் ஈஸ்வரி. அதப் பாக்க நான் இருக்க மாட்டேனேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்." தாடையைத் தடவிப் பார்த்தார். "வீரையன வந்து முகத்த வழிச்சு விடச் சொல்லு. நாளைக்குன்னு சொன்னான்னா, நாளைக்கு எடுக்கப் போறாங்கன்னு சொல்லு."

வீரையன் அன்றைக்கே வந்தான்.

அந்த ராத்திரியும் அவர் மணி கேட்டார். ஈஸ்வரியும் சொன்னாள். ஆனால் எரிச்சல் வரவில்லை. துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தாள், மகளுக்குப் பிரசவ மருந்துப்பொடியைப் பொட்டலம் கட்டினாள். அரவிந்தன் வந்து கத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்று பெரிய பேச்சாகத் தயார் பண்ணிப் பார்த்தாள். 'உயிரோட இருக்குறவங்களுக்கு லீவு கிடையாதா தம்பி' என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் கோர்வையாக வரவில்லை.

காலையில் வாடகைக் கார் வந்து நின்றது. அரவிந்தன் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, திருச்சியில் வாங்கிய பெரிய ரோஜா மாலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் மழமழவென்று முகம் வழித்து, வெளுத்த வேட்டியில் அப்பா உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வாடா," என்றார். "மால எனக்குத்தானே? அப்புடி வை. வாடிடப் போவுது."

அரவிந்தன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். மாலையை மடியில் போட்டுக்கொண்டு முதலில் அழுதான். அப்புறம் அப்பாவின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்புறம்தான் கோபம் வந்தது. காரின் சத்தம் கேட்டு வந்திருந்த ஜெக்கரியா முன்னால் வந்து, "தப்பாச் சொன்னது நாந்தான் தம்பி, ரெண்டு மூங்கி சத்தத்தக் கேட்டு ஏமாந்துட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். நேற்றிலிருந்து தொண்டையில் நின்றதை இறக்கிவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார். ஆனால் அரவிந்தனின் கோபம் அவர்மேல் இல்லை.

"போன்ல நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணி. இதுலயா வெளையாடுவாங்க? கம்பெனியில நான் என்னன்னு சொல்லுவேன்?"

"தப்பிச்சுட்டாருன்னு சொல்லு," என்றார் இராஜாங்கம்.

ஈஸ்வரி ராத்திரி தயார் பண்ணி வைத்த பேச்சைத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அவளிடம் இருந்தது களைப்பு மட்டும்தான்.

"எனக்குப் பேசத் தெரியல தம்பி. எனக்குத் தூக்கம் வருது. குந்தவைக்கு நாளைக்கு ஆபரேஷன். மாத்திரையெல்லாம் மாடத்துல இருக்கு. மாமா கூப்புடுறப்ப எழுந்திரிச்சுப் போயிருங்க, இல்லன்னா தானா நடக்கப் பாப்பாங்க." பையை எடுத்துக்கொண்டாள். "காரியத்துக்குன்னு குடுத்த லீவு இருக்குல்ல, அது முடியுறதுக்குள்ள வந்துருவேன்."

அரவிந்தன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். பிரேதத்தின் முகத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் ஓடிவந்திருந்தான். கண் குழிந்து, கன்னம் ஒட்டி, உதடு வெடித்துக் கிடந்த முகம் அண்ணியுடையதாக இருந்தது.

"போயிட்டு வரேன் மாமா."

"போயிட்டு வா," என்றார். "மணி என்ன?"

"இனிமே உங்க மவங்கிட்டக் கேளுங்க மாமா."

சந்தில் திரும்பும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "மொதல்ல கைப்பிடிக்கு மூங்கி வெட்டிக்கிட்டு வாடா. அந்தப் புள்ள முதுகு போயிருச்சு."

மினி பஸ் இன்னும் வரவில்லை. ஜெக்கரியா உள்ளே போய்ப் பன்னும் டீயும் கொண்டுவந்து வைத்தார். ஈஸ்வரி பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். தூரத்தில் தோப்புக்குள் அரிவாள் சத்தம் ஆரம்பித்தது. பழக்கமில்லாத கை, தப்பித் தப்பி விழுந்தது. ஒரு மூங்கில் சரசரவென்று சாய்ந்தது. பஸ் கரைச்சாலையின் வளைவில் ஹாரன் அடித்தது. இரண்டாவதும் சாய்ந்தது.

பிறகு சத்தம் இல்லை.

பஸ் வந்து நின்றது. ஈஸ்வரி படியில் ஒரு காலை வைத்தவள் வைத்தபடியே நின்றாள். ஜெக்கரியா கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரவிந்தனுக்கு விதி தெரியும், இந்த ஊரில் பிறந்தவன்தானே என்று ஒரு மனம் சொன்னது. அப்பாவை நாற்காலியில் தனியாக விட்டுவிட்டுத்தானே போயிருப்பான், எழுந்து நடக்கப் பார்த்திருப்பாரோ என்று இன்னொரு மனம் சொன்னது. நேற்று இதே இரண்டுக்குப் பிறகு வந்த அந்த 'அப்பாடா' இன்று வரவில்லை. ஐயோ மாமா என்றுதான் வந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"நீ ஏறு தங்கச்சி," என்று சொல்லிவிட்டு ஜெக்கரியா சாலையைக் கடந்து கரைச் சரிவில் இறங்கினார். வாயைக் கையால் குவித்துக்கொண்டு, அந்த ஊர் தன் அமைதிக்கெல்லாம் சேர்த்து ஒரு நாளும் கேட்டிராத சத்தத்தில் கத்தினார்.

"டேய் அரவிந்தா! மூணாவது எங்கடா?"

எல்லாத் தோப்பும் கேட்டது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். அவரும் சுற்று வட்டாரத்துக்காரர்தான், காத்திருக்கத் தெரிந்தவர்.

ஒரு வெட்டு விழுந்தது. இடைவெளி. இன்னொரு வெட்டு. அப்புறம் கோபத்தோடு வரிசையாக விழுந்தது. மூன்றாவது மூங்கில் மற்ற மரங்களின் மேலெல்லாம் உரசிக்கொண்டு, நிதானமாகச் சாய்ந்து விழுந்தது.

ஈஸ்வரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்தபோது, அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூங்கிப் போயிருந்தாள். குத்தாலம் வந்ததும் எழுப்பிக்கொள்ளலாம் என்று, அவர் டிக்கெட்டைக் கிழித்து அவள் பைக்காதில் செருகிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.